நாலு டயர்

கைப்பிடிக்குள் விரல் நுழைந்ததும்
கார் ஒரு கேள்வி கேட்கும்.
தாழ்ந்த குரல்,
ஒரு கை நீளத்துக்கு அப்பால் எட்டாது.
ஓர் எண்ணைச் சொல்லி, இதற்கு விடை என்ன என்னும்.
பைக்குள் தூங்கும் சாவி விழித்துக்கொண்டு
கணக்குப் போட்டு
வேறு அலைவரிசையில் விடை சொல்லும்.
அடுத்த முறை வேறு எண்.
நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டு வைத்திருப்பவனுக்கு
இன்றைக்கு அது செல்லாக்காசு.

பெயரைக் கேட்பதில்லை.
நெர்குய்க்கு அது பிடித்திருந்தது.
பெயரில்லாதவள் என்பதுதான் அவள் பெயரின் அர்த்தம்;
முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை,
கெட்ட ஆவிகள் தேடி ஏமாறட்டும் என்று வைத்தது.

ஜப்பானில் ஒன்பது வருடம் ஓடிக் களைத்து
கப்பலேறி, ரயிலேறி மங்கோலியா வந்த பிரியஸ்.
சாலைக்கு ஒவ்வாத வலப்பக்க ஸ்டியரிங்.
கிளம்பும்போதெல்லாம் ஒரு ஜப்பானியப் பெண்
மிகப் பணிவாக எதையோ சொல்வாள்,
என்னவென்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.
கூட வந்தது ஒரே சாவி.
இன்னொன்று செய்து வைப்போம் என்பாள்.
அந்தக் காசுக்கு நாலு டயர் வாங்கலாம் என்பான் துவ்ஷின்.
உலான்பாத்தர் ஸ்டேஷன் வரைக்கும்
அன்றைக்கும் அதே பேச்சு.

எஞ்சினை அணைக்காமலே இறங்கினான்.
குளிர்காலத்தில் யார்தான் அணைக்கிறார்கள்.
பையை எடுத்தான், கதவை அறைந்தான்.
அவள் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தபோது
கார் மூன்று முறை கீச்சிட்டது.
அறைந்ததற்குக் கோபம் போல, என்று நினைத்தாள்.

ரயில் தெற்கே, எல்லைக்கு.
அவள் வடக்கே, டார்கானுக்கு.
ஒன்றரை மணி நேரம் கழித்து போன்:
‘கோட்டுப் பையில் கை விட்டேன்...’
பிறகு மௌனம். பிறகு,
‘எது நடந்தாலும் அணைத்துவிடாதே.’

ஓடத் தொடங்கிய காரை, சாவி போய்விட்டதென்று
தானாக நிற்க விட மாட்டார்கள்.
பின்னால் நிலக்கரி லாரி வரும்போது
நடுச்சாலையில் உயிர் போனால் என்ன ஆகும் என்று
எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ யோசித்திருக்கிறார்கள்.
மஞ்சளாய் ஒரு சாவிப் படம் மட்டும்
கண்சிமிட்டிக்கொண்டே வரும்.
கிளம்பும்போது ஒரு தடவை நம்பினால் போதும்.
கல்யாணம் மாதிரி என்று நினைத்தாள்,
எரிச்சல் வந்தது, ஹீட்டரைக் கூட்டினாள்.

பாயன்கோல் பெட்ரோல் பங்க்.
‘அணைங்கக்கா.’
‘அணைத்தால் ஐந்து நாள் உன்னோடுதான் இருக்கணும்.’
பையன் காற்றைப் பார்த்தான்,
ஆளில்லாத சாலையைப் பார்த்தான்,
குழாயை மாட்டினான்.
அந்த நேரம் பார்த்து
எஞ்சின் தானே அடங்கியது.
அவளுக்கு மூச்சு அடைத்தது.
பிரியஸின் வழக்கம் அது, தெரிந்ததுதான்.
பச்சை எழுத்து அணையவில்லை.
மூன்று முறை படித்துப் பார்த்தாள்.

டார்கான். ஒன்றே முக்கால். மைனஸ் முப்பத்தொன்று.
ட்ரான்ஸ்ஃபார்மரை ஒட்டி,
யாருக்கும் இடைஞ்சலில்லாமல்,
முன்னும் பின்னும் எடுத்து நேராக்கினாள்.
பொத்தானில் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
அமுக்கினாள்.
அமைதி இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரியாது.

பூட்ட முடியாது, அதற்கும் சாவியைக் கேட்கும்.
யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம்.
ஒருவராலும் ஓட்டிப் போக முடியாது.

காலையில் ஜன்னல் வழியே பார்த்தால்
மூன்றாம் மாடிப் பையன் ஓட்டுநர் இருக்கையில்.
அமுக்குகிறான். திரும்பவும் அமுக்குகிறான்.
ஒவ்வொரு தடவையும் அந்தத் தாழ்ந்த குரல்
புதிதாய் ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்டிருக்கும்.
விடை, எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால்
ஓர் ஆட்டுத்தோல் கோட்டுக்குள்,
கேட்க ஆளில்லாமல்.

சூடான பால் தேநீரை வைத்துவிட்டு
துவ்ஷினுக்கு ஒரு வரி அனுப்பினாள்:
‘நாலு டயரும் நன்றாக இருக்கின்றன.’